புயத்திலே ஒரு தழும்பு

திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் பள்ளிக்கு வரும் நம்மில் அநேகமாக எல்லோருக்கும் இடது புயத்தில் ஒரு சிறு தழும்பு உண்டு. குழந்தையாயிருக்கையில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. அந்த ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்று மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த இடம் நம் திருவள்ளூர்தான் என்பதைத் தோழியர் அறிவீர்களா?

அன்று இது செங்கற்பட்டு மாவட்டம். ஏறத்தாழ 3,60,000 மக்கள் வாழ்ந்த பகுதியில் 1968-இல் சோதனை தொடங்கியது. சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லா ஊசி. பதினைந்து ஆண்டுகள் கவனித்தும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுத்ததாகத் தெரியவில்லை.

காரணம் பல சொல்வார்கள். மண்ணிலும் நீரிலும் உள்ள தீங்கற்ற உறவுக் கிருமிகளுடன் நம் மக்கள் முன்பே பழகியிருந்தது ஒன்று. இன்னொரு சந்தேகம் நோய்க் கிருமியின் மேலேயே விழுந்தது. சென்னை நோயாளிகளின் கிருமிகளில் பல, இங்கிலாந்துக் கிருமிகளைவிடக் கினிப்பன்றிகளில் வீரியம் குறைந்திருந்ததை 1960-ஆம் ஆண்டையொட்டியே கண்டிருந்தார்கள். ஆனால் நுண்ணோக்கியில் எல்லாம் ஒரே குச்சி வடிவந்தான்! வேற்றுமையை அறிய மரபணுக்களைப் படித்தாக வேண்டும்.

1998-இல் அது கைகூடியது. ஆய்வுக்கூடங்களில் மாதிரியாக வைத்திருக்கும் எச்37ஆர்வி என்ற காசநோய்க் கிருமியின் மரபுச் செய்தி முழுவதும் வெளியாயிற்று. சுமார் 44 லட்சம் எழுத்துகள், ஏறக்குறைய 4,000 மரபணுக்கள். அதனருகில் பி.சி.ஜி. கிருமியை வைத்துப் பார்த்தால், ஆர்.டி.1 என்னும் பகுதி, சுமார் 9,500 எழுத்துகள், பி.சி.ஜி.யில் காணோம். அதே பகுதியைக் காசநோய்க் கிருமியிலிருந்து நீக்கியபோது அதன் வீரியமும் குன்றியது. நோய் செய்யும் வல்லமையில் ஒரு பங்கு அங்கேதான் இருந்தது.

உணவுக் கதை இன்னும் சுவையானது. பிரான்சின் கால்மெட், கெரின் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கிளிசரினும் பித்தநீரும் சேர்த்த உருளைக்கிழங்கில் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, 1921-இல் பி.சி.ஜி.யைத் தந்தார்கள். மாட்டுக் கிருமியால் கிளிசரினை உணவாகக் கொள்ள இயலாது. ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதே காரணம். பி.சி.ஜி.யிலோ அந்தப் பிழை திருந்தியிருக்கிறது. கிடைத்த சாப்பாட்டுக்குத் தக்கபடி கிருமியே மாறிவிட்டது, பாருங்கள்!

நம் தென்னாட்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை பழைய வம்சத்தைச் சேர்ந்தவை. டி.பி.டி.1 என்ற சுமார் 2,000 எழுத்துப் பகுதி அவற்றில் இருக்கிறது. மாதிரிக் கிருமியான எச்37ஆர்வியில் அது இல்லை. ஆகவே மாதிரியை மட்டும் படித்தால் நம் ஊர்க் கிருமியை முழுதும் அறிந்ததாகாது. இப்பகுதியை இழந்த வம்சங்கள் வீரியம் மிகுந்து பரவின என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அன்றைய கினிப்பன்றிகள் காட்டியதும் இதற்கு ஒத்தே வருகிறது. ஆனால் வீரியம் குறைந்த கிருமி என்று எண்ணி இரண்டு வார இருமலை அலட்சியம் செய்தல் ஆகாது. கினிப்பன்றி வேறு, மனிதர் வேறு.

அப்படியானால் ஊசி எதற்கு என்று கேட்கலாம். குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய காசநோயிலிருந்து அது காக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைகளுக்கு அதைப் போடுகிறார்கள்.