மூன்று குதிரை வண்டி ஓட்டிய டாக்டர்!

"ஐயா, ஊசியை நிறுத்திட்டு உங்க மருந்துக்கே வந்துடறேன். ஒரு மண்டலம் சாப்பிட்டாப் போதுமா?"

வாரத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்டுக்கொண்டேதான் என் வைத்தியசாலைக்குள் நுழைகிறார்கள். நீங்களும் இந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்டிருப்பீர்கள். அல்லது உங்கள் வீட்டுப் பெரியவர் கேட்டிருப்பார்.

நான் சித்த வைத்தியன். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். ஆவாரையையும் நாவல் கொட்டையையும் சிறுகுறிஞ்சானையும் நம்பிப் பிழைப்பவன். அதனால் 'தாராளமா நிறுத்துங்க' என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்து வருகிறார்கள். நான் சொல்வதில்லை. ஏன் தெரியுமா?

1998-ல் ஒரு மழை நாள். நான் தொழில் தொடங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பதினோரு வயசுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் அப்பா ஓடி வந்தார். பையனுக்கு ஏழு வயசிலேயே சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. "நாட்டு மருந்துக்கு மாறினா ஊசியே வேணாம்" என்று உறவுக்காரர் ஒருவர் சொல்ல, நாலு நாளாக ஊசியை நிறுத்தியிருக்கிறார்கள்.

ஓயாத வாந்தி. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. வாயருகே குனிந்தால் அழுகிய பழ வாசனை. இன்சுலின் இல்லாததால் உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரித்து எரித்து, ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்ட நிலை அது. 'கீட்டோ அசிடோசிஸ்' என்பார்கள். தாமதித்தால் உயிர் போய்விடும்.

நான் எந்தச் சூரணத்தையும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து நானே உடன் ஏறி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வழியில் அந்த அப்பா கேட்டார்: "உங்க மருந்து மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா ஐயா?"

சுருக்கென்றது. அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பையன் பிழைத்தான். அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பிறகு எனக்கு நண்பரானார். அவர்தான் எனக்கு ஜாஸ்லின் கதையைச் சொன்னார். அந்த அப்பாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அந்தக் கதையில் இருந்தது.

பேரேடு எழுதிய டாக்டர்

எலியட் ஜாஸ்லின், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆக்ஸ்ஃபர்ட் என்ற சிற்றூரில் 1869-ல் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் படித்து, 1898-ல் பாஸ்டன் நகரில் தொழில் தொடங்கினார். அந்தக் காலத்தில் சர்க்கரை நோய்க்கு மட்டும் என்று ஒரு டாக்டர் கிடையாது. அவர்தான் அமெரிக்காவில் அதையே முழு வேலையாக எடுத்துக்கொண்ட முதல் டாக்டர் என்று சொல்வார்கள்.

அதற்கு வீட்டிலேயே காரணம் இருந்தது. அவருடைய அத்தை முறை உறவினர் ஒருவருக்கு இந்த நோய். பிறகு பெற்ற தாய்க்கே வந்துவிட்டது! தாயைத் தன் நோயாளிகளில் ஒருவராகவே பதிந்துகொண்டு, உணவுக் கட்டுப்பாட்டாலேயே பத்து வருஷத்துக்கு மேல் காப்பாற்றினார். இன்சுலின் என்ற பெயரே புழக்கத்தில் இல்லாத நாட்களில் இது சாதாரண விஷயமில்லை.

நம் ஊர் மளிகைக் கடையில் பற்று வரவு எழுதுவார்களே, அந்த மாதிரிப் பெரிய பேரேடுகளில் ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் எழுதி வைத்தார். வயது, எடை, சாப்பாடு, சிறுநீரில் சர்க்கரை, கடைசியில் என்ன ஆனார் என்பது வரை. 1916-ல் அவர் வெளியிட்ட மருத்துவ நூல், ஆயிரம் நோயாளிகளின் அனுபவத்தை வைத்து எழுதப்பட்டது. 1918-ல் நோயாளிகளே படிக்கும்படி ஒரு கையேடும் எழுதினார்.

பட்டினியா, சாவா?

அப்போது கைவசம் இருந்த பெரிய வைத்தியம் எது தெரியுமா? பட்டினி! ஃபிரெடரிக் ஆலன் என்ற டாக்டர் வகுத்த முறை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனால் சர்க்கரை இறங்கும். ஆயுள் கொஞ்சம் நீளும். ஆனால் குழந்தைகள் எலும்புக்கூடாகிவிடுவார்கள். நோயால் சாவதா, பட்டினியால் சாவதா என்ற நிலை. ஜாஸ்லினும் அந்த முறையைக் கையாண்டவர்தான். வேறு வழி இல்லையே!

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. பாண்டிங், பெஸ்ட், மெக்ளாய்ட், காலிப் ஆகியோரின் உழைப்பு அது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7-ந் தேதி, ஜாஸ்லின் தன் நோயாளிக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார். அந்தப் பெண்மணி ஒரு நர்ஸ். ஐந்து வருஷ நோயிலும் பட்டினியிலும் எடை சுமார் 31 கிலோவாக இறங்கியிருந்தது. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர், சில வாரங்களில் மைல் கணக்கில் நடந்தார்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இருபது வருஷத்துக்கு மேல் உணவுக் கட்டுப்பாட்டையே நம்பி வாழ்ந்த டாக்டர் அவர். புதிய மருந்து வந்ததும், 'என் முறைதான் பெரிசு' என்று அடம்பிடிக்கவில்லை. கை நீட்டி வாங்கிக்கொண்டார். அதற்காகப் பழையதைத் தூக்கி எறியவும் இல்லை.

மூன்று குதிரைகள்

சர்க்கரை நோய் வைத்தியம் மூன்று குதிரை பூட்டிய வண்டி என்பார் ஜாஸ்லின். உணவு ஒரு குதிரை, இன்சுலின் ஒரு குதிரை, உடற்பயிற்சி ஒரு குதிரை. ஒன்று படுத்துக்கொண்டாலும் வண்டி குடை சாயும். வண்டியை ஓட்டுபவர்? நோயாளிதான்!

ஓட்டுபவருக்கு ஓட்டக் கற்றுத்தர வேண்டாமா? அதற்காகவே நர்ஸுகளைப் பயிற்றுவித்தார். அவர்கள் நோயாளிகளின் வீடு தேடிப் போய், ஊசி போடுவது, சாப்பாட்டை அளப்பது, பாதத்தைக் கவனிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அவருடன் சேர்ந்த பிரிசில்லா ஒயிட் என்ற பெண் டாக்டர், சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டார். அவர் தொடங்கிய காலத்தில் அப்படிப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிதான் பிழைத்தன. அவர் ஓய்வு பெறும்போது பத்தில் ஒன்பது பிழைத்தன.

நோய் வந்து 25 வருஷமாகியும் கண், ரத்தக் குழாய் கெடாமல் காத்தவர்களுக்கு ஜாஸ்லின் பதக்கம் கொடுத்தார். பதக்கம் டாக்டருக்கு அல்ல, நோயாளிக்கு!

1940-களின் பிற்பாதியில் அவருடைய சொந்த ஊரிலேயே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கண்டுபிடிக்கப்பட்ட 70 சர்க்கரை நோயாளிகளில் 30 பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்' என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் இதை இன்னொரு தரம் படியுங்கள்.

தாமதமாக வந்த தீர்ப்பு

'சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும்' என்று ஜாஸ்லின் சொன்னதை அன்று பல டாக்டர்கள் ஏற்கவில்லை. 'இவ்வளவு கறார் எதற்கு?' என்றார்கள். 1962-ல் 92 வயதில் அவர் காலமானார்.

1983-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 1993-ல் முடிவு வந்தது. இன்சுலின் மூலம் சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவிகிதமும், நரம்புப் பாதிப்பு 60 சதவிகிதமும் குறைந்தன. கிழவர் சொன்னது சரி! ஆனால் அதைக் கேட்க அவர் இல்லை.

நாட்டு மருந்து எங்கே வரும்?

எங்கள் சித்த நூல்கள் மதுமேகத்தை நன்றாகவே அறிந்திருந்தன. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைச் சொல்கின்றன. பத்தியம் சொல்கின்றன. அதாவது உணவு, உழைப்பு என்ற இரண்டு குதிரைகளை நாங்கள் அந்தக் காலத்திலேயே பூட்டிவிட்டோம். இன்சுலின் சுரப்பே நின்றுபோன குழந்தைக்கு மூன்றாவது குதிரைக்குப் பதிலாக நிற்கும் மூலிகை எதுவும் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மறைத்தால்தான் வெட்கம்.

ஆகவே என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்:

● சிறு வயதில் வரும் முதல் வகை நோய்க்கு இன்சுலின்தான் உயிர். ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல், வாந்தி வந்தாலும் நிறுத்தக் கூடாது. உடனே டாக்டரிடம் போங்கள்.

● பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகையில் மருந்தின் அளவு மாறலாம். அதை மாற்ற வேண்டியவர் உங்கள் டாக்டர். பக்கத்து வீட்டு மாமா அல்ல.

● மாத்திரையோடு ஆவாரைக் குடிநீரோ சிறுகுறிஞ்சான் சூரணமோ சேர்த்தால் இரண்டு வைத்தியரிடமும் சொல்லிவிடுங்கள். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். திடீரென்று வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

● மூன்று மாதச் சராசரியைக் காட்டும் 'எச்பிஏ1சி' பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை கண், சிறுநீரகச் சோதனை.

● ராத்திரி படுக்கப்போகும் முன் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கால் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

● ஜாஸ்லின் மாதிரி ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, சர்க்கரை அளவு, சாப்பாடு, நடை. ஒரு வரி போதும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்றுதானே கேட்கிறீர்கள்?

இன்று அவருக்கு மணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். இன்சுலினை அன்றிலிருந்து ஒரு நாள் விடவில்லை. சளி, செரிமானக் கோளாறுக்கு மட்டும் என்னிடம் வருவார். சில வருஷங்களுக்கு முன், நோய் வந்து 25 வருஷம் நிறைந்த சமயத்தில், கண்ணும் சிறுநீரகமும் நன்றாக இருப்பதாக வந்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். கூடவே அவர் அப்பா. தலை முழுக்க நரைத்திருந்தது.

ஜாஸ்லின் கதையை அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அன்னிக்கு ஆட்டோவுல நான் கேட்டது தப்புதான் ஐயா" என்றார்.

"தப்பில்லை. பதில் சொல்லத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு" என்றேன்.

கொடுக்க என்னிடம் பதக்கம் இல்லை. பையனின் நோட்டை வாங்கி, அன்றைய தேதிக்கு நேராகச் சிவப்பு மையில் '25' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.