நைட் ஷிஃப்ட் முடிச்சும் தூக்கம் வரலையா? அஸ்வகந்தா கேப்சூல் ஆர்டர் போடும் முன் இதைப் படிங்க!

ராத்திரி 10 மணிக்கு உள்ளே போய், காலை 6 மணிக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் கேட்டை விட்டு வெளியே வர்றீங்க. கவரைப்பேட்டையிலோ பொன்னேரியிலோ இருக்கும் ரூமுக்குப் போய்ப் படுத்தால் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். தூக்கம் மட்டும் வராது. போனை எடுத்தால் நாலாவது ரீலிலேயே அந்த விளம்பரம் வந்துடும்: அஸ்வகந்தா சாப்பிட்டால் ஸ்ட்ரெஸ் போகும், தூக்கம் வரும், எல்லாமே நேச்சுரல். திருவள்ளூர் பக்கம் காக்களூர், திருமழிசை எஸ்டேட்களில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான்.

'நம்ம ஊரு மூலிகைதானே, என்ன ஆகிடப்போகுது?' என்று ஆர்டர் பட்டனை அழுத்தும் முன் ஒரு விஷயம். உங்க பாட்டி பாலில் கலந்து கொடுத்ததும், இந்த டப்பாவில் வருவதும் பெயரளவில்தான் ஒன்று.

அஸ்வகந்தாவுக்குத் தமிழில் அமுக்கரா. நாட்டு மருந்துக் கடையில் 'அமுக்கரா கிழங்கு' என்று கேட்டால் வேரை எடுத்துக் கொடுப்பார்கள். சித்த மருத்துவத்தில் இதை வைத்துச் செய்யும் பிரபலமான மருந்து அமுக்கரா சூரணம். அதன் கணக்கே அழகு. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. கூட்டிப் பாருங்க, மொத்தம் 255 பங்கில் அமுக்கரா கால்வாசிதான், பாதி சர்க்கரை! சுகர் இருப்பவர்கள் இதை நோட் பண்ணிக்கணும்.

இப்போ கேப்சூலுக்கு வருவோம். அதில் இருப்பது பெரும்பாலும் வேர்ப்பொடி இல்லை, எக்ஸ்ட்ராக்ட். அதாவது, 'விதனோலைடு' என்ற வேதிப்பொருள் அதிகமாக இருக்கும்படி செறிவாக்கப்பட்ட சாறு. சாதாரண வேர்ப்பொடியில் இது பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. எக்ஸ்ட்ராக்ட்டில் 5, 10, சிலவற்றில் 35 சதவீதம் வரைகூடப் போகும். சில கம்பெனிகள் வேரோடு இலையையும் சேர்க்கின்றன. நம் மருத்துவ மரபில் உள்ளே சாப்பிடக் கொடுத்தது பிரதானமாக வேரைத்தான். இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்லி, மத்திய ஆயுஷ் அமைச்சகமே 2021-ல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. 'ஆயிரக்கணக்கான வருஷமா சாப்பிட்டு வர்றோம்' என்ற வாதம் வேருக்குப் பொருந்தலாம். 35 சதவீத எக்ஸ்ட்ராக்ட்டுக்கு அந்த வரலாறு கிடையாது.

சரி, தூக்கம் வருமா? ஓரளவுக்கு வரும். இதன் தாவரவியல் பெயரான 'விதானியா சோம்னிஃபெரா'விலேயே தூக்கம் இருக்கு. சோம்னிஃபெரா என்றால் லத்தீனில் தூக்கம் வரவழைப்பது என்று பொருள். 5 ஆய்வுகளை, மொத்தம் 400 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த அலசல் ஒன்று 2021-ல் வெளியானது. சிறிய அளவில், ஆனால் உண்மையான முன்னேற்றம் தெரிந்தது. தினமும் 600 மி.கி. அல்லது அதற்கு மேல், 8 வாரமாவது எடுத்தவர்களிடம் பலன் கூடுதல். முதல் நாளே ஆளைச் சாய்க்கும் மாத்திரை இல்லை இது. விளம்பரம் சொல்லும் அளவுக்கும் இல்லை.

இன்னொரு பக்கம் கல்லீரல். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அஸ்வகந்தா சப்ளிமென்ட் எடுத்த 5 பேருக்கு மஞ்சள் காமாலை வந்ததை 2020-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சாப்பிடத் தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் வந்தது. நிறுத்திய பிறகு குணமாகச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆனது. இந்திய நோயாளிகள் பற்றிய ஆய்வு 2023-ல் வந்தது. ஏற்கெனவே நாள்பட்ட கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு நிலைமை மோசமாகி, உயிரிழப்பு வரை போனதை அது பதிவு செய்திருக்கிறது. இதெல்லாம் அரிது, சந்தேகமே இல்லை. ஆனால் வாரக் கடைசியில் குடிக்கும் பழக்கமோ, ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்டோ இருந்தால், அந்த அரிதான ஆள் நீங்களாக இருக்க வாய்ப்பு கூடுது.

தைராய்டு ஹார்மோனையும் இது ஏற்றிவிடலாம். தைராய்டு மாத்திரை போடுபவர்கள், சுகர், பி.பி., வலிப்பு, தூக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும், பால் கொடுப்பவர்களும் வேண்டாம். டென்மார்க் 2023-ல் அஸ்வகந்தாவுக்குத் தடையே போட்டுவிட்டது. அது அளவுக்கு மீறிய பயம் என்பதே என் கருத்து. ஆனால் தைராய்டு, கர்ப்பம் பற்றி அவர்கள் சொன்ன காரணங்களைச் சும்மா தள்ளிவிட முடியாது.

கும்மிடிப்பூண்டிக்கென்றே தனியாக இரண்டு விஷயம் இருக்கு. ஒன்று, டியூட்டிக்கு முன்னால் இதைப் போடாதீங்க. இது மயக்கம், தூக்கக் கலக்கம் கொடுக்கலாம். ரோலிங் மில்லிலும் பிரஸ் மெஷின் முன்னாலும் அரை நொடிக் கண்ணயர்வு விரலை எடுத்துடும். இன்னொன்று ஈயம். பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் யூனிட்டுகள் இந்த ஏரியாவில் இருக்கு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்கள் இருந்தன. வேலையிலேயே ஈயத் தூசியோடு இருப்பவர், லேபிள் இல்லாத பொடியை பஸ் ஸ்டாண்டில் வாங்கிச் சாப்பிடுவது தேவையே இல்லாத வம்பு.

அப்படியும் முயற்சி பண்ணிப் பார்க்கணும்னா, முதலில் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போங்க. அமுக்கரா அங்கே புழங்கும் மருந்துதான். நாடி, உடல்வாகு பார்த்து அளவும், எத்தனை நாள் என்பதும் அவர்களே சொல்வார்கள். ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால் டப்பாவைத் திருப்பிப் பாருங்க. மருந்தாக விற்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்கணும்; உணவு சப்ளிமென்ட் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 14 இலக்க எண் வேணும். 'வேர்' என்று தெளிவாகப் போட்டிருக்கா, விதனோலைடு எத்தனை சதவீதம், இதையும் படிங்க. இதெல்லாம் இல்லாத டப்பாவை வாங்காதீங்க.

அதிகாலை 4 மணி டீ பற்றியும் யோசிங்க. அதிலுள்ள காஃபினில் பாதி கரையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதாவது 9 மணிக்கு நீங்க புரண்டு புரண்டு படுக்கும்போதும் அது உள்ளே வேலை செய்துட்டு இருக்கும். கடைசி டீயை 2 மணிக்கே முடிச்சுட்டு, ரூம் ஜன்னலுக்கு ஒரு கெட்டித் துணியைக் கட்டி ஒரு வாரம் பாருங்க. பலருக்கு இதுவே போதும், செலவும் இல்லை.

கேப்சூல் எடுக்கும்போது கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, பசியே இல்லாமல் குமட்டினாலோ அன்றைக்கே நிறுத்திடுங்க. நம்ம பக்கம் காமாலைன்னா உடனே கீழாநெல்லியைத் தேடி ஓடுவோம். அதில் ஒரு வாரம் போகும், கேப்சூலும் பாட்டுக்கு உள்ளே போய்க்கிட்டே இருக்கும். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய் கல்லீரல் ரத்தப் பரிசோதனை கேளுங்க. 'வேற ஏதாவது மருந்து எடுக்குறீங்களா?' என்று டாக்டர் கேட்டால், 'இல்லை' என்று சொல்லாம அந்த டப்பாவை எடுத்து மேஜை மேல் வைங்க.