டேப்லெட்டுக்கு விசைப்பலகை வாங்கப் போகிறீர்களா?

மேல்படிவத்தில் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதாக இராது. இரவு பத்து மணி. தோட்டத்து வீட்டின் சிமெண்டுத் தரையில் பாய் விரித்திருக்கிறது. டேப்லெட்டைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பிள்ளை கட்டுரை எழுதுகிறது. திரையில் பாதியை எழுத்துகளே அடைத்துக்கொள்கின்றன. மீதிப் பாதியில் நாலு வரி தெரிகிறது. ஐந்தாவது வரி வந்ததும் முதல் வரி மேலே ஓடிவிடுகிறது.

என் அண்ணன் மகள் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அண்ணி உதிரிப் பழம் பொறுக்குகிறார். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தை நாம் மறக்க முடியுமா? ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பாடம் கேட்ட வீடுகள் எத்தனை! மறு ஆண்டு அண்ணன் இருந்த சேமிப்பை எடுத்து ஒரு டேப்லெட் வாங்கினார். 2022-இல் வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த உயர்கல்வி மாணவர்களுக்கு அரசாங்கமும் டேப்லெட் கொடுத்தது. இப்படியாக மடிக்கணினி இல்லாத வீட்டிலும் டேப்லெட் ஒன்று வந்து சேர்ந்தது.

பாடம் கேட்க அது போதும். பத்துப் பக்கம் எழுத வேண்டும் என்றால்தான் திண்டாட்டம். மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள் என்று சொல்வது எளிது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது என்றாலும், அந்தச் சம்பளத்தில் அரிசி, மின்சாரம், பள்ளிப் பேருந்து எல்லாம் அடங்க வேண்டுமே! ஆகவேதான் பலர் விசைப்பலகை உறையைத் தேடுகிறார்கள். பார்ப்பதற்குப் புத்தக அட்டைபோல இருக்கும். திறந்தால் கீழ்ப்பக்கம் எழுத்து விசைகள். மேல்பக்கம் டேப்லெட் செருகும் இடம். வேண்டாதபோது விசைகளைத் தனியே கழற்றி வைத்துவிடலாம்.

அந்த உறையை வாங்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். பட்டணத்தில் இருப்பவள், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு! ஒரு கடையில் 85 வெள்ளிக்கு வாங்கினேன். “பத்து அங்குல டேப்லெட் எதற்கும் பொருந்தும்” என்றார் கடைக்காரர். டேப்லெட்டைக் கையோடு கொண்டு போகவில்லை. அதுதான் நான் செய்த முதல் தவறு.

வீட்டில் செருகிப் பார்த்தால், மூலையைப் பிடிக்கும் ரப்பர் சரியாக மின்விசைப் பொத்தானின்மேல் உட்கார்ந்தது. லேசாக அசைந்தாலே திரை அணைந்துவிடும். ரப்பரைக் கத்தியால் செதுக்கிச் சமாளித்தோம். ஆனால் பெரிய தொல்லை அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மலாய் எழுதினாள், வந்தது. ஆங்கிலம் எழுதினாள், வந்தது. தமிழ் வரவில்லை! அவள் ஒப்படைக்க வேண்டியதோ தமிழ்க் கட்டுரை. கையில் இருந்தது மூன்று நாள். “அத்தை, திரையில் தொட்டால் தமிழ் வருது, இதுல தட்டினா வரலையே” என்று அவள் அழாத குறையாகச் சொன்னபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கடைக்குப் போனேன். பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம் பிறகு விளங்கியது. கண்ணாடியில் தெரியும் தமிழ் எழுத்துப் பலகை வேறு, கையால் தட்டும் விசைப்பலகை வேறு. தட்டும் விசை எந்த எழுத்து என்பதை டேப்லெட்டுக்குள் இருக்கும் செயலிதான் முடிவு செய்கிறது. சில தமிழ்ச் செயலிகள் திரையைத் தொடும் விரலுக்கு மட்டும் தமிழ் கொடுக்கும். வெளி விசைப்பலகையை ஏறெடுத்தும் பாரா. சில செயலிகள் இரண்டுக்கும் வேலை செய்யும். அண்ணன் மகள் மூன்று செயலிகளை இறக்கிப் பார்த்து, மூன்றாவதில்தான் தமிழைக் கண்டாள்.

ஆகவே தாய்மார்களே, கடைக்குப் போகும்போது டேப்லெட்டையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். காசு கொடுக்குமுன் விசைப்பலகையை இணைத்து, ‘அம்மா’ என்று தமிழில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுத வரவில்லையென்றால், அங்கேயே வேறு செயலியை இறக்கிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், காசு நம்முடையது.

தமிழ் எழுதும் முறையில் இரண்டு பெரிதும் வழக்கில் உள்ளன. ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழ் எழுதுவது ஒன்று. ஆங்கில விசை பழகிய பிள்ளைக்கு இது எளிது. கணினியில் தமிழ் எழுத வழி செய்த முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியாவைச் சேர்ந்தவர் என்பதை இங்கே பெருமையோடு சொல்லலாம். மற்றொன்று தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்தது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். இதில் ஓர் அழகு இருக்கிறது: அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். விசைகளின்மேல் தமிழ் எழுத்து அச்சிட்டிராது. நாங்கள் வெள்ளை ஒட்டுத்தாளில் பேனாவால் எழுதி ஒட்டினோம். ஒரு மாதத்தில் தாள் தேய்ந்தது. அதற்குள் விரல் பழகிவிட்டது.

விரல் பழகுவது என்றதும் பழைய நினைவு ஒன்று. நான் பள்ளியை விட்ட வயதில், டைப் படித்தால் ஆபீஸ் வேலை கிடைக்கும் என்று தோட்டத்துப் பெண்கள் பட்டணத்துக்குப் பேருந்து ஏறிப் போவார்கள். தமிழுக்குத் தட்டச்சுப் பொறி செய்தளித்த ஆர். முத்தையா, யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வேலை தேடி வந்தவர்தாம். அந்த வகுப்பில் விசையைப் பார்க்காமல் பத்து விரலாலும் தட்டச் சொல்லிக் கையின்மேல் துணி போட்டு மூடுவார்கள். அண்ணன் மகள் கைக்கும் நான் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். திட்டினாள், ஆனால் பழகினாள்.

இனி வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த உறைகளில் இரு வகை. ஒன்று காந்தத்தால் ஒட்டிக்கொண்டு, சிறு உலோகப் புள்ளிகள் வழியாக டேப்லெட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும். தனியே சார்ஜ் செய்ய வேண்டாம். ஆனால் அந்தந்த மாடலுக்கென்றே செய்தது, விலையும் கூடுதல். டேப்லெட் கெட்டுவிட்டால் இதை வேறு எதிலும் மாட்ட முடியாமல் போகலாம். மற்றது புளூடூத் வகை. மலிவு, எங்களுடையது இதுதான். தனியே சார்ஜ் போட வேண்டும். முதல் முறை இணைக்கும்போது விளக்கு மினுக்கும்; டேப்லெட்டின் புளூடூத் பக்கத்தில் அதன் பெயரைத் தொட வேண்டும். சிலவற்றில் திரையில் வரும் எண்களை விசைப்பலகையில் தட்டி ‘என்டர்’ அழுத்தினால்தான் இணையும். பயந்துவிடாதீர்கள், ஒரு முறைதான்.

இணைத்ததும் திரையிலிருந்த எழுத்துப் பலகை மறைந்துபோகும். கெட்டுப்போய்விட்டது என்று அண்ணி பதறினார். வெளி விசைப்பலகை வந்ததும் அது ஒதுங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். சற்று நேரம் தட்டாமல் விட்டால் புளூடூத் விசைப்பலகை தூங்கிவிடும். முதலில் தட்டும் எழுத்து விழாது. ஏதேனும் ஒரு விசையைத் தட்டி எழுப்பிவிட்டு எழுதத் தொடங்கினால் சரி.

நம் வீடுகளுக்கென்று ஒரு தொல்லை உண்டு, விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். டேப்லெட்டின் கனம் மேலே இருப்பதால், மடியில் வைத்தால் பின்னால் சாயும். மேசை இல்லாத வீட்டில் பிள்ளை எங்கே வைத்து எழுதும்? அண்ணன் பழைய பலகையில் குட்டைக் கால் வைத்து ஒரு சின்ன மேசை செய்து கொடுத்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுத அதுவே போதுமானதாக இருக்கிறது. எழுதியதும் உறையை மூடி உயரத்தில் வையுங்கள். தின்பண்டத் துகள் விழுந்தால் விசைகளுக்குள் எறும்பு வரும். துடைக்க ஈரம் பிழிந்த துணி போதும், தண்ணீர் தெளிக்காதீர்கள்.

தவணைக்கு வாங்குவதைப் பற்றியும் கேட்பீர்கள். இதற்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பேன். உறை இல்லாத சாதாரணப் புளூடூத் விசைப்பலகை இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. டேப்லெட்டை இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்து எழுதலாம். அழகாக இராது, ஆனால் எழுத்து ஒன்றுதானே?

கட்டுரையை அண்ணன் மகள் குறித்த நாளில் கொடுத்துவிட்டாள். இப்போது இரவு எட்டு மணிக்கு அந்தக் குட்டை மேசையில் முதலில் உட்காருவது அண்ணி. விசைப்பலகையின் மேல்வரிசையில் எண்கள் இருக்கின்றனவே, அதில் அன்றைய உதிரிப் பழ மூட்டைக் கணக்கைத் தேதியோடு ஒவ்வொரு விரலாகத் தட்டி வைக்கிறார். போன மாதம் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பார்த்தபோது ஆறு மூட்டை குறைந்திருந்தது. டேப்லெட்டை உறையோடு கக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை பெரட்டு முடிந்ததும் கிராணியிடம் போய்க் காட்டினார். அந்த ஆறு மூட்டைக் காசு இந்த மாதச் சம்பளத்தில் வந்திருக்கிறது.