தெருமுனை நூலகம்

சென்னையில் சொந்த வீடுள்ள ஒருவர், சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் தாம் செலுத்திவருவதைப் பெரும்பாலும் அறிவதில்லை. நகரெங்கும் பரவியுள்ள கிளை நூலகங்களுக்கு ஜீவாதாரமாக இருப்பது இச்சிறு தொகையே.

எழும்பூரில் 1896-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைச் சட்டப்படி பெறும் உரிமையுடைய பெருமை வாய்ந்த ஸ்தாபனம். ஆயினும், பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் ஒருமணி நேரமே ஓய்வு காணும் ராயபுரத்துத் தொழிலாளிக்கு, அங்கே போய்வருவதிலேயே அந்த ஒருமணி நேரமும் கழிந்துவிடும். நூலகம் எத்துணை பெரியதாயினும், தொலைவு அதனை இல்லாததற்குச் சமமாக்கிவிடுகிறது.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர், சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவர், அங்கே நகரந்தோறும் கிளைவிட்டு மக்கள் வாசலுக்கே வந்து நின்ற நூலகங்களைக் கண்டார். வாசகனின் காலத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதையே ஒரு விதியாகக் கொண்ட அவரது ஐந்து நூலக விதிகள் 1931-இல் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியிலேறிக் கிராமங்களுக்குப் புத்தகங்கள் புறப்பட்டன. அவரது இடையறாத முயற்சியின் பயனே 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். தானமாகவும் தயவாகவும் நடந்துவந்த நூலகப் பணி அச்சட்டத்தால் குடிமக்களின் உரிமையாயிற்று. நூலக வரியும் அதன்வழி வந்ததே.

மாநகராட்சி வசூலிக்கும் அவ்வரி நூலக ஆணைக்குழுவைச் சேர்கிறது. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் பெயர் தாங்கி நிற்கும் மாவட்ட மைய நூலகம் தாய்மரமாக, பேட்டைகளிலுள்ள கிளைகள் அதனோடு இணைந்து இயங்குகின்றன. வசூலான பணம் உரிய காலத்தில் வந்து சேராவிடின் முதலில் வாடுவது கிளையின் புதுப் புத்தக அலமாரிதான். ஆதலால் வரி செலுத்துவோர் அவ்வலமாரியை அவ்வப்போது சென்று பார்ப்பது அவசியம்.

கிளை நூலகம் பெரும்பாலும் ஓரிரு அறைகளே கொண்டது. காலையில் நாளிதழுக்காக முதியோரும், பிற்பகலில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞரும் நிறைந்திருக்கும் அவ்விடத்தில், இன்னாருக்குச் சரித்திர நவீனம், இன்னாருக்குச் சித்த வைத்தியம் என்று முகம் பார்த்தே எடுத்துவைக்கும் நூலகர் வாய்த்துவிட்டால், அப்பேட்டையின் பாக்கியமே பாக்கியம். அங்கு இரவல் பெறும் ஒரு பழம் புத்தகத்தைத் திறந்தால், உள்ளே ஒட்டிய தாளில் திருப்பவேண்டிய தேதிகள் வரிசையாக முத்திரையிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு தேதியும், அதே தெருக்களில் நடமாடும் யாரோ ஒருவர் அப்புத்தகத்தோடு வீடு திரும்பிய நாளுக்குச் சாட்சி.