ஓரிடமும் இரு காவலரும்

கிரிக்கெட் ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். மட்டை பிடிப்போர் அறுவர் அல்லது எழுவர். பந்து வீசுவோர் நால்வர் அல்லது ஐவர். அவருள் ஒருவர் தளர்ந்தாலும் புதியவர் ஒருவர் அவரருகே நின்று ஆட இடமுண்டு. விக்கெட் காப்பாளர்க்கோ இடம் ஒன்றே. பாம்பன் கால்வாயைக் கடக்கும் வல்லத்தில் வலை வலிப்போர் பலராயினும், சுக்கான் பிடிப்பவர் ஒருவரேயன்றோ? ஆகலின், முதற்காப்பாளரின் நிலை உறுதிப்படாத காலத்தில் துணைவர் ஒருவர் புதிதாய் வந்து சேர்ந்தால் யாது நிகழும் என்பதைத் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் தினேஷ் கார்த்திக்கின் வரலாறு கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முன்னாளிற் காப்பாளரை அவர்தம் கைத்திறன் கொண்டே மதித்தனர். பந்தைத் தவறவிடாது பற்றுதலும், மட்டையாளர் கோட்டை விட்டு அகன்ற கணத்தே குச்சிகளின் மேலுள்ள பெயிலைத் தட்டிவிடுதலும் அவர் கடன். ஓட்டங்கள் எடுப்பின் அது மேல்வரும்படி. ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்ட் 1999 முதல் 2008 வரை 96 டெஸ்ட் ஆட்டங்களில் 5,570 ஓட்டங்கள் குவித்து இவ்வளவுகோலை மாற்றிவிட்டார். அவரைக் கண்டபின் பிற நாட்டாரும் தத்தம் காப்பாளரிடம் மட்டைவன்மையை எதிர்பார்க்கலாயினர்.

கார்த்திக் அணிபுகுந்தது இக்காலத்திலேதான். 2004-ஆம் ஆண்டில் இந்தியாவின் காப்பாளர் பார்த்திவ் படேலின் இடம் தள்ளாடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கார்த்திக் இலண்டன் லார்ட்ஸ் திடலில் முதல் ஒருநாள் ஆட்டம் ஆடி, இங்கிலாந்து அணித்தலைவர் மைக்கேல் வானை ஸ்டம்பிங் முறையில் வெளியேற்றினார். அப்பொழுது அவர்க்கு வயது பத்தொன்பது. எம் வகுப்பிற் பெரும்பாலோர் வயதும் அதுவே! நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். இந்தியா 13 ஓட்டங்களில் வென்றது. 2005 மார்ச்சிற் கொல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக 93 ஓட்டங்கள் எடுத்தார். சதத்திற்கு ஏழே குறை.

இதற்கிடையே துணைவர் வந்துவிட்டார். மகேந்திரசிங் தோனி 2004 டிசம்பரில் வங்கதேசத்தில் ஆடிய முதல் ஒருநாள் ஆட்டத்தில் ஓட்டமொன்றும் எடாமலே ரன் அவுட் ஆனார். அன்று அவரைக் கண்டு அஞ்சியவர் எவரும் இரார். நான்கு திங்களில் விசாகப்பட்டினத்தில் 148; 2005 அக்டோபரில் செய்ப்பூரில் வீழாது 183. டிசம்பரில் டெஸ்ட் கையுறையும் அவர் கைக்குச் சென்றது. அவ்வாட்டம் நிகழ்ந்த இடம் கார்த்திக்கின் சொந்த நகரான சென்னையின் சேப்பாக்கம்! கார்த்திக்கின் கை சோர்ந்ததால் இடம் போயிற்றென்று கூற யாம் ஒருப்படோம்; அளவுகோல் மாறிய காலத்தே அவர் மட்டை அதற்கேற்ப உயரவில்லை.

துணைக்காப்பாளரின் வாழ்வு பெரிதும் பொறுமைக்குரியது. அணியுடன் கடல் கடந்து செல்வார். நாடோறும் பயிற்சி செய்வார். ஆட்டநாளிற் பிறர்க்குத் தண்ணீர் கொண்டோடுவார். முதல்வர்க்குக் காயம் நேர்ந்தாலன்றி அவர்க்கு வாயில் திறவாது. நண்பர்க்குக் காயம் வருக என்று யார் வேண்டுவர்? கார்த்திக் வேறொரு வாயிலைத் தட்டினார். 2007 சனவரியிற் கேப் டவுனில், காயமுற்ற தோனிக்கு மாற்றாகக் காப்பாளராய் நின்றதோடு, தொடக்க மட்டையாளராகவும் இறங்கி 63 ஓட்டங்கள் எடுத்தார். அதனாற் பிறந்த நம்பிக்கையில், அவ்வாண்டே இங்கிலாந்தில் கையுறையின்றித் தொடக்க ஆட்டக்காரராய் ஆடி, மூன்று டெஸ்டுகளில் 263 ஓட்டங்களுடன் இந்தியருள் முதல்வரானார். 1986-க்குப் பின் இந்தியா அங்கு வென்ற முதல் தொடர் அது.

எனினும் அவ்விடமும் நிலைக்கவில்லை. தோனி 90 டெஸ்டுகள் ஆடினார், கார்த்திக் 26. தோனி ஓய்விலிருந்த 2018 மார்ச்சிற் கொழும்பில் நடந்த இறுதியாட்டத்தில், கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் வேண்டியிருக்க, கார்த்திக் ஆறு அடித்து வங்கதேசத்தை வென்றார். அன்று அவர் எட்டே பந்துகளில் எடுத்தவை 29.

2022-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பையை முப்பத்தேழாம் வயதில் அவர் முதற்காப்பாளராகவே தொடங்கினார். துணைவராய்க் காத்திருந்தவர் இளைஞர் ரிஷப் பந்த். அரையிறுதியிற் கையுறை அணிந்தவர் அத்துணைவரே.