வஸ்தான் சுரங்கத்தின் கணுக்காலெலும்புகள்

பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் ஆழ்துளைக் கிணறு போட்டால் மேலே வருவது 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய நைஸ் பாறையின் தூள். பாலூட்டி எலும்பு அதில் இருக்க வழியே இல்லை. பெங்களூரின் தோப்புகளில் இரவில் நடமாடும் தேவாங்குக்குப் பழைய உறவுகளைத் தேட, சூரத்தை அடுத்த வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே சுமார் 5.45 கோடி ஆண்டு பழைய அடுக்கிலிருந்து கிடைத்த மார்க்கோடினோஷியா என்ற பேரினத்துக்கு 2005இல் சுனில் பாஜ்பாயும் சகாக்களும் பெயரிட்டார்கள். மரத்தில் வாழ்ந்த சிற்றுயிர். தேவாங்கும் குரங்கும் மனிதனும் அடங்கிய முதனி வரிசையைச் சேர்ந்தது.

2008இல் அதே சுரங்கத்தின் ஒருசில பற்களை வைத்து ஆந்த்ராசிமியாஸ் என்ற இன்னொரு பேரினம் அறிவிக்கப்பட்டது. எடை சுமார் 75 கிராம் என்றும், குரங்குகளும் மனிதனும் வந்த கிளையில் ஆசியாவிலேயே மிகப் பழையது என்றும் சொன்னார்கள். மறு ஆண்டே கென்னத் ரோஸ் குழு மறுத்தது: அது குரங்குக் கிளையே அல்ல, மார்க்கோடினோஷியாவின் கூட்டம்தான் என்றது. இந்த மறுப்பே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரே மாதிரி இரை தின்னும் இரு கிளைகளில் கடைவாய்ப்பல்லின் மேடுகள் தனித்தனியே ஒரே வடிவத்துக்கு வந்துவிடக்கூடும். பாலூட்டித் தொல்லுயிரியலே பற்களை நம்பித்தானே நடக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான், எனாமல் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும், இனத்தையும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் பெருங்கிளைகள் பிரிந்த இடத்தைச் சொல்ல நாலைந்து பற்கள் போதாது.

அதற்குக் கைகொடுத்தவை 2016இல் விவரிக்கப்பட்ட 25 கைகால் எலும்புகள். இன்றைய தேவாங்கின் கணுக்காலெலும்பில் வெளிப்பக்கம் சரிந்திருக்கும். குரங்குக்கும் நமக்கும் அது ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். ஆந்த்ராசிமியாஸை விட்டாலும், வஸ்தானில் தேவாங்குப் பக்கம், குரங்குப் பக்கம் என்ற இரு பெருங்கிளையின் பற்களும் உண்டு, ஆனால் எலும்புகளில் வேறுபாடு மிகச் சொற்பம். பலவற்றை எந்தக் கிளைக்கு உரியவை என்றே ஆய்வாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிளைகள் பிரிந்து வெகுகாலம் ஆகாத உடலமைப்பு இது. சுமார் 5.6 கோடி ஆண்டுக்கு முன்பே முதனிகள் வட கண்டங்களில் இருந்தனவே, இளைய வஸ்தான் எப்படி அவற்றைவிடப் பழைமையைக் காட்டும் என்ற கேள்வி நியாயமானது. வயது வேறு, உடலமைப்பு வேறு. மூத்த வடிவம் ஓரிடத்தில் மாறாமல் தங்கிவிடுவதுண்டு. அன்றைய இந்தியா நெடுங்காலம் தனியே நகர்ந்து வந்த நிலம். பல்லும் கணுக்காலும் ஒன்றாய்ச் சேர்ந்த ஓர் எலும்புக்கூடு கிடைத்தால் எந்த எலும்பு யாருடையது என்பது தீர்ந்துவிடும். பக்கத்துத் தட்கேஷ்வர் சுரங்கத்திலும் தேடல் நடந்து புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன.