நீல நிறக் கிட்டார்

துணியில் சாயம் ஊறுவதை நாடோறும் காணும் திருப்பூர் இராயபுரத்தாராகிய நாம், மரத்திற்குச் சாயமேற்றும் விதத்தையும் அறிதல் தகும். மேற்பலகை குவிந்து வளையுமாறு செதுக்கி, பிடிலைப் போன்ற துளைகளிட்ட ஜாஸ் கிட்டார்கள் பெரும்பாலும் மரநிறமாகவோ, ஓரம் கறுத்து நடுவே பொன்னிறமாகவோ விளங்கும். 1994-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிற்பி ஜேம்ஸ் டி அக்விஸ்டோ நீலக் கிட்டாரொன்றைச் செய்தார். அதில் மனம் பறிகொடுத்த ஸ்காட் சினரி என்னும் சேகரிப்பாளர், அந்நீலத்திலேயே, 18 அங்குல அகலத்தில், வேறு சிற்பிகள் பலரையும் ஒவ்வொன்று செய்து தருமாறு வேண்டினார். அவை பின்னர் ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில் வைக்கப்பெற்றன.

தடித்த வர்ணப்பூச்சு மரத்தின் ரேகைகளை மறைத்து அதிர்வையும் அடக்கும். மெல்லிய சாயமோ ரேகைகளை எடுத்துக் காட்டும். நிறமும் அளவும் ஒன்றாயிருந்தமையால், அவற்றிடையே கண்ட வேற்றுமை செய்தவர்தம் கைத்திறனையே காட்டிற்று. ஒரே நிறத்தில் தோய்த்த பனியன் துணியில்தான் நூலின் குறை புலப்படும் என்பதை நம் ஊரார் நன்கறிவரன்றோ?